பிக்கார்ட் சொன்னது பொய் இல்லை, ஆனாலும் ஸ்டார்ஃப்ளீட் ராணுவம்தான்

கேள்வி இதுதான்: ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில், பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் விண்கலங்களை ஓட்டும் ஸ்டார்ஃப்ளீட் ராணுவமா, விண்வெளி ஆராய்ச்சி அமைப்பா? அதில் என்டர்பிரைஸ் கப்பலை நடத்தும் கேப்டன் பிக்கார்டே "ஸ்டார்ஃப்ளீட் ராணுவ அமைப்பு அல்ல" என்று தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, இத்தனை ரசிகர்கள் ஏன் ராணுவம்தான் என்று சாதிக்கிறார்கள்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவம்தான். புதுக் கிரகங்களைத் தேடிப் போகிற, தூது போகிற, எங்காவது கொள்ளைநோய் என்றால் மருந்து கொண்டுபோய்ச் சேர்க்கிற ராணுவம். பிக்கார்ட் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டார்ஃப்ளீட் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்கிறார், அது என்ன என்ற கேள்விக்கு அல்ல. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த விவாதம் முடியவே மாட்டேன் என்கிறது.

தமிழில் பேசும்போது இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. ராணுவம் என்றால் நம் மனதில் முதலில் வருவது தரைப்படைதான். ஆனால் 'படை' என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம்: தீயணைப்புப் படை, ஊர்க்காவல் படை, தேசிய மாணவர் படை. தீயணைப்புப் படை என்று சொல்வதால் யாரும் அவர்களைப் போர்வீரர்கள் என்று நினைப்பதில்லை. அதனால் ஸ்டார்ஃப்ளீட்டை 'விண்கலப் படை' என்று மொழிபெயர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார முடியாது. நான் இங்கே ராணுவம் என்று சொல்வது, ஒரு அரசு தன் சார்பில் போரிடுவதற்கு வைத்திருக்கும் அமைப்பை. அதற்கு ஆயுதம் இருக்கும், கட்டளை வரிசை இருக்கும், தன் ஆட்களைத் தானே விசாரித்துத் தண்டிக்கிற தனிச் சட்டம் இருக்கும். முப்படையும் இதில் அடக்கம்.

சரி, பிக்கார்ட் அந்த வசனத்தை எங்கே சொல்கிறார் என்று பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் அந்த ஒரு வரியை மட்டும்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். 1989-ல் ஒளிபரப்பான எபிசோட் அது, ஸ்டார் ட்ரெக் வரிசையில் பிக்கார்ட் வரும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் இரண்டாவது சீசன். ஒரு போர் ஒத்திகை நடக்கப்போகிறது. அதை மேற்பார்வை பார்க்க கொல்ராமி என்ற போர்த்தந்திர நிபுணர் கப்பலுக்கு வருகிறார். நீங்கள் முதலில் இந்த ஒத்திகைக்குச் சம்மதிக்கவில்லையாமே என்று அவர் கேட்க, ஆமாம், ஸ்டார்ஃப்ளீட் ராணுவ அமைப்பு அல்ல, அதன் நோக்கம் ஆராய்ச்சிப் பயணம் என்கிறார் பிக்கார்ட். உடனே கொல்ராமி கேட்கிறார்: அப்படியென்றால் நான் எதற்கு இங்கே வந்திருக்கிறேன்? போர்க் என்ற, பாதி உயிரும் பாதி இயந்திரமுமான பகை இனம் வரப்போகிறது, அதனால் நானும் என் அதிகாரிகளும் போர்த்திறனைத் தீட்டிக்கொள்வது நல்லது என்று முடிவு செய்தேன் என்று பிக்கார்ட் சொல்கிறார். இரண்டாவது பதில் முதல் பதிலைப் பொய்யாக்கவில்லை, ஆனால் முழுமையாக்குகிறது. பகை வந்தால் எதிர்த்து நிற்கவேண்டியவர்கள் இவர்கள்தான் என்பது பிக்கார்டுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியே நடக்கவும் செய்தது. உல்ஃப் 359 என்ற இடத்தில் நடந்த சண்டையில் போர்க் இனத்தின் கப்பல் ஒன்றே ஒன்று, ஸ்டார்ஃப்ளீட் இழந்தது 39 கப்பல்களும் ஏறத்தாழ 11,000 உயிர்களும். அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் கடைசி இரண்டு சீசன்கள் முழுக்க டொமினியன் என்ற பகைப் பேரரசுடன் போர். அந்தப் போரில் கூட்டமைப்பின் சார்பில் சண்டை போட்டது யார்? ஸ்டார்ஃப்ளீட். அவர்களுக்குப் பின்னால் வேறொரு 'நிஜ' ராணுவம் எங்கோ காத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாட்டின் ராணுவம் எது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது: போர் மூண்டால் யார் போகிறார்கள் என்று பாருங்கள்.

முதன்முதலில் வந்த பழைய தொடரிலேயே இதை ஒளிக்கவில்லை. 1967 மார்ச்சில் வந்த, கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்துடன் போர் மூளும் எபிசோடில், நான் ஒரு போர்வீரன், ராஜதந்திரி அல்ல என்று அந்தத் தொடரின் கேப்டன் கிர்க் தன் வாயாலேயே சொல்கிறார். அதற்கு ஒரு மாதம் முன்பு வந்த எபிசோட் இன்னும் கடுமையானது. எமினியார் என்ற கிரகத்தில் கிர்க்கைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவர் மேலே கப்பலில் இருக்கும் ஸ்காட்டியிடம் 'பொது ஆணை 24'-ஐ நிறைவேற்றச் சொல்கிறார். அந்த ஆணையின் பொருள், ஒரு கிரகத்தின் மேற்பரப்பில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது. ஸ்காட்டி பதறவில்லை, கேள்வி கேட்கவில்லை, நகரங்களையெல்லாம் குறிவைத்தாகிவிட்டது, இவ்வளவு நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது என்று கிரகத்துக்கு அறிவிக்கிறார். கிர்க் உண்மையிலேயே அதைச் செய்திருப்பாரா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள், அது தனிக் கதை. எனக்கு உறுத்துவது வேறு. அப்படி ஒரு ஆணைக்கு எண் கொடுத்து, விதிப்புத்தகத்தில் அச்சடித்து வைத்திருக்கும் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஆயுதத்தை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. காவல்துறையிடமும் துப்பாக்கி இருக்கிறது. நிஜ உலகச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், ஜெனிவா உடன்படிக்கைகளுக்கு 1977-ல் சேர்த்த முதல் நெறிமுறையின் 43-ஆம் பிரிவு ஆயுதப்படை என்றால் என்ன என்று சொல்கிறது. அதன் சாரம்: ஒழுங்கமைந்த ஆயுதக் குழுக்கள், தம் கீழுள்ளவர்களின் நடத்தைக்கு அரசிடம் பொறுப்பேற்கும் ஒரு தலைமை, போர்ச் சட்டத்தை மதிக்கவைக்கிற உள் ஒழுங்குமுறை. அந்த அமைப்பு தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறது, வருடத்தில் எத்தனை நாள் அறிவியல் செய்கிறது என்பதெல்லாம் அந்த வரையறையில் இல்லவே இல்லை.

இந்த மூன்றில் கடைசியில் இருக்கும் ஒழுங்குமுறைதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விட வலுவான சான்று. இஸ்ரோவில் ஒரு விஞ்ஞானி மேலதிகாரி சொன்னதைச் செய்யாவிட்டால் மெமோ வரும், இடமாற்றம் வரும், மிஞ்சிப்போனால் வேலை போகும். ஸ்டார்ஃப்ளீட்டில் ராணுவ நீதிமன்றம். கிர்க் 1967-ல் அப்படி ஒரு விசாரணையில் நிற்கிறார், தன் கப்பல் ஆள் ஒருவரின் சாவுக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டில். பிக்கார்ட் தன் முதல் கப்பல் ஸ்டார்கேஸரை இழந்தபோது அவருக்கும் அது நடந்தது, கப்பலை இழந்த கேப்டனுக்கு அது வழக்கமான நடைமுறை என்றே சொல்கிறார்கள். நிஜக் கடற்படைகளின் பழைய மரபு அது. அப்புறம், பிக்கார்டின் கப்பலில் அதிகாரியாக இருக்கும் மனித உருவ இயந்திரமான டேட்டாவின் வழக்கு. அந்த ஆண்ட்ராய்டைப் பிரித்துப் பார்க்க ஒரு ஆய்வாளர் விரும்புகிறார். டேட்டா மறுத்து ராஜினாமா செய்கிறார். நீ ஸ்டார்ஃப்ளீட்டின் உடைமை, உனக்கு ராஜினாமா செய்யும் உரிமை இல்லை என்று ராணுவச் சட்டத்துறை அதிகாரி முதலில் தீர்ப்பளிக்கிறார். பிக்கார்ட் எதிர்த்து வாதாடும்போது, அரசுத் தரப்பில் நிற்கும்படி டேட்டாவின் நண்பரும் கப்பலின் துணைக் கேப்டனுமான ரைக்கருக்கே உத்தரவு வருகிறது. நீ ஒழுங்காக வாதாடாவிட்டால் நான் இப்போதே டேட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிடுவேன் என்று அந்த அதிகாரி ரைக்கரிடம் சொல்கிறார். மனம் ஒப்பாமல் ரைக்கர் வாதாடுகிறார். அந்த எபிசோடை மனித உரிமைக் கதையாகத்தான் எல்லோரும் பார்க்கிறோம், அது சரிதான். ஆனால் கதை நடக்கும் இடம் ராணுவம் என்பதால்தான் அந்தக் கதையே சாத்தியமாகிறது. வேறு எந்த வேலையிலாவது இருந்திருந்தால் டேட்டா அன்றே கிளம்பிப் போயிருப்பார்.

சீருடையும் பதவிப் பெயர்களும் இருப்பதால் ராணுவம் என்று வாதாடுகிறவர்களோடு மட்டும் நான் சேரமாட்டேன். அது பலவீனமான வாதம். அமெரிக்காவில் சீருடை அணியும் பணிகள் எட்டு இருக்கின்றன, அவற்றில் ஆறுதான் ஆயுதப்படை. மீதி இரண்டில் ஒன்று பொதுச் சுகாதாரப் பணி. அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி தொலைக்காட்சியில் வைஸ் அட்மிரல் உடையில் வந்து சிகரெட்டைப் பற்றிப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று கடல், வளிமண்டல ஆய்வுத் துறையான நோவாவின் அதிகாரிகள் படை. சூறாவளிக்குள் விமானம் ஓட்டுகிறவர்கள், கடலடி வரைபடம் எடுக்கிறவர்கள். இவர்களுக்கும் என்சைன் முதல் அட்மிரல் வரை கடற்படைப் பதவிகள் உண்டு, ஆயுதம் கிடையாது.

அந்த நோவா படை எப்படி வந்தது என்பது இந்தக் கேள்விக்கே நேராகப் பதில் சொல்கிற கதை. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. கடற்கரையையும் நிலத்தையும் அளக்கும் சர்வேயர்கள் ராணுவத்துக்கு உதவப் போகவேண்டியிருந்தது. சாதாரண உடையில் இருக்கும் ஒருவன் வரைபடத்தோடும் அளவுக் கருவிகளோடும் எதிரியிடம் அகப்பட்டால், அவனை ஒற்றன் என்று சொல்லிச் சுட்டுவிடலாம். சீருடையும் பதவியும் இருந்தால் போர்க்கைதியாக நடத்தியாக வேண்டும். அதற்காகவே அந்த சர்வேயர்களை அதிகாரிகளாக நியமித்தார்கள். அதாவது, 'நீ ராணுவமா இல்லையா' என்ற கேள்வி வெறும் ரசிகர் விவாதம் அல்ல, பிடிபட்டவனின் உயிர் அந்தப் பதிலில் தொங்குகிறது.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு 1992-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டு பகுதிக் கதை ஒன்றைச் செய்தது. பிக்கார்டை ஒரு ரகசியப் பணிக்கு அனுப்புகிறார்கள், கார்டாசியன்கள் என்ற எதிரி இனத்தார் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள், விளக்குகளை எண்ணச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற காட்சி இதில்தான் வருகிறது. அங்கே அவர் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருக்க, இங்கே கப்பலில் ஒரு சட்டச் சிக்கல். பிக்கார்ட் எங்கள் உத்தரவின் பேரில்தான் போனார் என்று ஸ்டார்ஃப்ளீட் ஒப்புக்கொண்டால், உடன்படிக்கைப்படி அவர் போர்க்கைதி, சித்திரவதை செய்யக்கூடாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் தன்னிச்சையாகப் புகுந்த பயங்கரவாதி. ஒப்புக்கொள்ளுங்கள் என்று ரைக்கர் கெஞ்சுகிறார். புதிய கேப்டன் ஜெலிகோ மறுக்கிறார். 'நாங்கள் ராணுவம் அல்ல' என்று சொன்ன அதே மனிதரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே விஷயம், அவர் ராணுவத்தின் ஆள் என்ற ஒப்புதல். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துவிடும்.

இனி எதிர்த்தரப்பு. அவர்களிடமும் நல்ல வாதங்கள் இருக்கின்றன, நான் அவற்றைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

கதைப்படி இவர்கள் எல்லோருக்கும் முந்திய காலத்தில் நடக்கும் 'என்டர்பிரைஸ்' தொடரின் மூன்றாவது சீசனில், ஸின்டி என்ற பகை இனத்தைத் தேடிப் போகும்போது, மேக்கோ என்ற கமாண்டோப் படை கப்பலில் ஏறுகிறது. அவர்கள் ராணுவம், நாங்கள் ஸ்டார்ஃப்ளீட் என்ற வேறுபாடு அங்கே கறாராக இருக்கிறது. கப்பலின் ஆயுத அதிகாரி ரீடும் மேக்கோ மேஜர் ஹேஸும் அதை வைத்து அடிதடி வரைக்கும் போகிறார்கள். ஸ்டார்ஃப்ளீட் ராணுவம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எந்தத் தொடரிலும் இல்லை. நான் இதை முழுசாக ஏற்கிறேன், 22-ஆம் நூற்றாண்டு ஸ்டார்ஃப்ளீட்டுக்கு. ஆனால் 2016-ல் வந்த படத்தில் அதன் பின்கதையைச் சொல்கிறார்கள்: கூட்டமைப்பு உருவானதும் மேக்கோவைக் கலைத்துவிட்டார்கள், அதில் இருந்த எடிசன் என்பவருக்கு ஸ்டார்ஃப்ளீட் கப்பல் ஒன்றைக் கொடுத்து கேப்டன் ஆக்கினார்கள். அவர் பெயரை மாற்றிக்கொண்டு வில்லனாக வந்து நிற்பதே படத்தின் கதை. இங்கே கவனிக்கவேண்டியது, ராணுவத்தைக் கலைத்தார்களே தவிர ராணுவத்தின் வேலையைக் கலைக்கவில்லை. பகை இனங்களான கிளிங்கான்களும் ரோமுலன்களும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். ஆள், கப்பல், பொறுப்பு எல்லாம் ஸ்டார்ஃப்ளீட்டின் தலையில் வந்து விழுந்தன.

நோக்கம்தான் முக்கியம் என்ற வாதத்தையும் நான் மதிக்கிறேன், அதற்கும் ஒரு 1992 எபிசோடைத்தான் காட்டுவேன். பிக்கார்டின் கப்பலில் உள்ள எல்லோருக்கும் திடீரென்று நினைவு அழிந்துவிடுகிறது. தான் யார், தன் வேலை என்ன, கேப்டன் யார், எதுவும் தெரியாது. கப்பலில் என்ன இருக்கிறது என்று வோர்ஃப் என்ற அதிகாரி கணக்கெடுக்கிறார்: பத்து ஃபேசர் தொகுதிகள், 250 ஃபோட்டான் டார்பிடோக்கள், வலுவான கேடயம். அப்படியென்றால் நாம் போர்க்கப்பல் என்று முடிவுக்கு வருகிறார்கள். கதையை அறியாத ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால் என்ன முடிவுக்கு வருவாரோ அதே முடிவு. நீங்கள் லைசியன்களோடு போரில் இருக்கிறீர்கள் என்று கணினிப் பதிவில் யாரோ திருத்தி வைத்திருக்கிறார்கள். போகிறார்கள், எதிரில் வந்த ஒரு கப்பலை அழித்தும்விடுகிறார்கள். கடைசியில் லைசியன்களின் தலைமையகத்தின் முன் போய் நிற்கும்போதுதான், இந்தப் பகைவன் நமக்கு முன்னால் ஒன்றுமே இல்லாதவன் என்று தெரிகிறது. அங்கே பிக்கார்ட் சுட மறுக்கிறார். நினைவு இல்லை, சட்டம் தெரியாது, கொள்கை தெரியாது, ஆனாலும் மறுக்கிறார். கையில் ஆயுதத்தைக் கொடுத்து, ஒரு அறைக்குள் தள்ளி, முன்பின் தெரியாத ஒருவனைச் சுடு என்று சொன்னது போல இருக்கிறது என்கிறார்.

அந்த எபிசோட் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்கிறது. ஆயுதக் கணக்கு ராணுவம் என்கிறது, நடத்தை இன்னொன்று சொல்கிறது. என் பார்வையில், நோக்கம் என்பது ஒரு ராணுவத்தை வேறு ஏதோ ஒன்றாக மாற்றிவிடுவதில்லை, ஆனால் அது எப்படிப்பட்ட ராணுவம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1990-ல் வந்த மாற்றுக்காலக் கதையில் இதையே தலைகீழாகக் காட்டினார்கள். கிளிங்கான்களோடு இருபது வருடப் போர் நடந்திருந்தால் என்டர்பிரைஸ் எப்படி இருந்திருக்கும்? அதே கப்பல், அதே கேப்டன். ஆனால் விளக்குகள் மங்கல், குழந்தைகள் இல்லை, மனநல ஆலோசகர் இல்லை, கேப்டனின் நாட்குறிப்புக்கே ராணுவக் குறிப்பு என்று பெயர். ஸ்டார்ஃப்ளீட்டுக்கும் வெறும் போர்ப்படைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் அது போதும்.

ஆராய்ச்சியும் ராணுவமும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைப்பதே அண்மைக் காலத்துப் பழக்கம்தான். 1768-ல் ஜேம்ஸ் குக் எண்டெவர் கப்பலில் கிளம்பியது வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை டஹிட்டியிலிருந்து அளக்க. அறிவியல் கழகத்தின் வேலை, ஆனால் கப்பல் கடற்படையுடையது, பீரங்கிகளும் கடற்படை வீரர்களும் உண்டு, தெற்கே பெரிய கண்டம் இருக்கிறதா என்று தேடி, மக்கள் சம்மதத்தோடு அரசர் பெயரால் கைப்பற்று என்ற முத்திரையிட்ட ரகசிய உத்தரவும் உண்டு. 1770-ல் அவர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதையும் பிரிட்டனுக்குச் சொந்தம் என்று அறிவித்தபோது அந்த மண்ணின் மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நூறு வருடம் கழித்து, 1872-ல், சேலஞ்சர் என்ற போர்க்கப்பலின் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடம் வைத்து உலகம் சுற்றினார்கள். கடலியல் என்ற துறையே அந்தப் பயணத்திலிருந்துதான் வளர்ந்தது. சிவில் அமைப்பான நாசா தன் விண்ணோடங்களுக்கு எண்டெவர், சேலஞ்சர், டிஸ்கவரி என்று வைத்ததெல்லாம் கடற்படைக் கப்பல்களின் பெயர்கள்.

ஸ்டார் ட்ரெக்கைப் படைத்த ஜீன் ராடன்பெரி இந்த மரபில் வந்தவர்தான். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் பகுதியில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பிறகு பயணிகள் விமான பைலட், பிறகு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ். ஹார்ன்பிளோவர் என்ற நாவல் கடற்படைக் கேப்டனை மனதில் வைத்தே அவர் கிர்க்கை வடித்தார். தலைமையகத்துக்கு எட்டாத தூரத்தில், போரா சமாதானமா என்று தனியாக முடிவெடுக்கவேண்டிய கேப்டன். பிற்காலத்தில் அவரே ராணுவ வாடை கூடாது என்று பிடிவாதம் பிடித்தார், 1982-ல் நிக்கலஸ் மேயர் இயக்கிய படத்தில் கடற்படை மணம் தூக்கலாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பிக்கார்டின் வாயில் வரும் வசனம் இந்த இரண்டாவது ராடன்பெரியின் காலத்து வசனம். போரைக் கண்ணால் பார்த்த மனிதர் எதிர்காலத்தில் போர் வேண்டாம் என்று ஆசைப்பட்டதை நான் குறை சொல்லமாட்டேன்.

எனக்குப் பிடித்த ஒரு தற்செயல். 1967 ஜனவரி 26 அன்று ஒளிபரப்பான எபிசோடில் 20-ஆம் நூற்றாண்டு விமானப்படை கேப்டன் ஒருவர் என்டர்பிரைஸில் ஏற்றப்படுகிறார். நீங்கள் கடற்படையா என்று கேட்கிறார். நாங்கள் ஒருங்கிணைந்த பணி என்று மழுப்பலாகப் பதில் சொல்கிறார் கிர்க். மறுநாள், ஜனவரி 27, விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அதன் நான்காவது பிரிவு நிலவிலும் பிற கோள்களிலும் ராணுவத் தளங்களையும் ஆயுதச் சோதனைகளையும் தடை செய்கிறது. அதே பிரிவில் இன்னொரு வாக்கியம்: அறிவியல் ஆய்வுக்கு ராணுவத்தினரைப் பயன்படுத்தத் தடை இல்லை. இரண்டே வருடத்தில் நிலவுக்குப் போன மூவரில் ஆல்ட்ரினும் காலின்ஸும் பணியில் இருந்த விமானப்படை அதிகாரிகள், ஆம்ஸ்ட்ராங் மட்டும் அப்போது சிவிலியன். போனவர்கள் யார் என்பது முக்கியமல்ல, போய் என்ன செய்தார்கள் என்பதுதான் அந்த ஒப்பந்தத்துக்கு முக்கியம்.

நிஜ உலகில் 'நாங்கள் ராணுவம் இல்லை' என்று சொல்லும் பெரிய ஆயுதப்படை ஒன்று உண்டு, ஜப்பானுடையது. 1947 அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு போர் ஆற்றல் எதையும் வைத்திருக்கக்கூடாது என்கிறது. 1954-ல் உருவானது தற்காப்புப் படை. அவர்களுடைய டெஸ்ட்ராயர்களுக்கு ஜப்பானிய மொழியில் பெயர் 'கொய்கான்', அதாவது துணைக்காவல் கப்பல். இஸுமோ என்ற அவர்களுடைய மிகப்பெரிய கப்பலும் கொய்கான்தான், அதன் மேல்தளத்தை எஃப்-35பி போர் விமானங்களுக்காக மாற்றியமைத்திருக்கிறார்கள். ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்கு இது எங்கேயோ கேட்டது போல இருக்கும். டிஃபையன்ட் என்ற கப்பலை அறிமுகப்படுத்தும்போது 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் நாயகன் சிஸ்கோ சொல்கிறார்: அதிகாரப்பூர்வமாக இது துணைக்காவல் கப்பல், உண்மையில் போர்க்கப்பல். ஜப்பானை நான் இங்கே பழித்துச் சொல்லவில்லை. அந்த மறுப்பு பல பத்தாண்டுகள் அவர்களை வெளிநாட்டுப் போர்களிலிருந்து விலக்கி வைத்தது, அது பெரிய விஷயம். ஆனால் அந்த மறுப்புக்கு வலிமை வந்தது எதனால்? அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது, நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கிறது, ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் மறந்துவிடுவதில்லை.

ஸ்டார்ஃப்ளீட்டில் மறந்துவிட்டார்கள். அதுதான் என் மனக்குறை, இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

1996-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' இரண்டு பகுதிகளில் சொன்ன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உருமாறும் எதிரிகள் பூமிக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற பயம். அட்மிரல் லேட்டன் தன் மாணவர் படை ஒன்றை வைத்துப் பூமியின் மின்சாரத்தையே நிறுத்துகிறார், பழியை எதிரி மேல் போடுகிறார், பயந்துபோன ஜனாதிபதி அவசரநிலை அறிவிக்கிறார், தெருக்களில் ஆயுதத்தோடு ஸ்டார்ஃப்ளீட் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ராணுவப் புரட்சியேதான். எந்த நாட்டில் ராணுவம் ராணுவம் என்று ஒத்துக்கொண்டு இருக்கிறதோ, அங்கே அதற்குக் கடிவாளமும் இருக்கும்: எந்த உத்தரவு யாரிடமிருந்து வரவேண்டும், தெருவில் இறங்க யார் அனுமதி வேண்டும், எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். அது எல்லா நாட்டிலும் வேலை செய்வதில்லைதான், ஆனால் கேட்கவாவது ஒரு கேள்வி இருக்கும். நாம் விஞ்ஞானிகள், நாம் நல்லவர்கள் என்று நூறு வருடம் சொல்லிக்கொண்டிருந்த அமைப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. லேட்டனைத் தடுத்தது ஒரு சட்டமோ ஒரு நாடாளுமன்றமோ அல்ல. சிஸ்கோ என்ற ஒரு மனிதரின் பிடிவாதம், அப்புறம் சக கப்பலைச் சுட்டுக்கொண்டிருந்த லகோட்டா என்ற கப்பலின் கேப்டன் கடைசி நேரத்தில் தாக்குதலை நிறுத்தியது. அவ்வளவுதான் இருந்தது இடையில்.

இன்னொரு விலையும் கொடுத்தார்கள். நாங்கள் ராணுவம் அல்ல, இது ஆராய்ச்சிக் கப்பல் என்று உண்மையாகவே நம்பியதால்தான் கப்பலில் மனைவி, கணவன், குழந்தைகள் எல்லோரையும் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். அது அழகான எண்ணம், என்டர்பிரைஸ் தாழ்வாரத்தில் பிள்ளைகள் ஓடும்போது எனக்கும் பிடிக்கும். ஆனால் போர்க் வந்தபோது அதே கப்பல்களைத்தான் வரிசையில் நிறுத்தினார்கள், வேறு கப்பல் இல்லை. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் முதல் காட்சியே அதுதான். உல்ஃப் 359, சரடோகா என்ற கப்பல், அதன் துணைக் கேப்டன் சிஸ்கோ. கப்பல் உடைந்துகொண்டிருக்கிறது. அவர் தன் குடியிருப்புக்கு ஓடுகிறார். மகன் ஜேக் உயிரோடு இருக்கிறான். மனைவி ஜெனிஃபர் இடிபாட்டுக்கு அடியில் இறந்து கிடக்கிறார். அவளை விட்டு வரமாட்டேன் என்று கத்துகிறவரை இழுத்துக்கொண்டு போய்த்தான் தப்பிக்கும் கலத்தில் ஏற்றவேண்டியிருக்கிறது. ஜெனிஃபர் சிஸ்கோ ஸ்டார்ஃப்ளீட் அதிகாரி அல்ல. சண்டையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

அதே சிஸ்கோதான் அதன் பிறகு கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குப் போய் டிஃபையன்ட்டின் வடிவமைப்பில் கை வைக்கிறார். அந்தக் கப்பலைப் பார்த்ததும் அவருடைய துணை அதிகாரி கிரா கேட்கிறார், ஸ்டார்ஃப்ளீட்டுக்குப் போர்க்கப்பலில் நம்பிக்கை கிடையாது என்று நினைத்தேனே என்று. இது போர்க்குகளை எதிர்த்துச் சண்டை போடவென்றே கட்டியது என்கிறார் சிஸ்கோ. ஆய்வுக்கூடம் இல்லை, சொகுசு இல்லை. குடும்பங்களும் இல்லை.